வலி நீக்கும் மருந்தும் விலை குறைக்கும் சீட்டும்

பொருள் வாங்கச் செல்வோர் அனைவரும் ஒரே நிலையில் செல்வதில்லை. துணி வாங்கச் சென்றவர் விலை மிகுதி என்று கண்டால் அடுத்த கடைக்குப் போகலாம்; இவ்வாண்டு வேண்டாம் என்று ஒத்திப் போடவும் செய்யலாம். முதுகுத் தண்டு வலியால் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தவருக்கு இவ்விரு வழிகளும் அடைபட்டிருக்கின்றன. பேரம் பேசும் வலிமையை முற்றும் இழந்தவராகவே அவர் மருந்துக் கடையின் முன் நிற்கிறார். இதனை உணர்ந்தே நம் ஆன்றோர் மருந்தை விலைப்பொருள் என்ற அளவில் நிறுத்தாமல், உணவு, கல்வி, அடைக்கலம் ஆகியவற்றோடு சேர்த்து நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டிய மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம், மருந்தின் விலையைப் பற்றிய ஓர் அறக் கேள்வியை ஆராய்வது பொருத்தமேயாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் விலையைக் குறைப்பதற்குக் கூப்பன் எனப்படும் சலுகைச் சீட்டுகள் பெருவழக்காக உள்ளன. தாளில் அச்சிட்டவையும் உண்டு. கைப்பேசித் திரையில் காட்டுபவையும் உண்டு. அந்நாட்டில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அதாவது 5 கோடிக்கும் மேற்பட்டோர், நாட்பட்ட வலியுடன் வாழ்வதாக 2021ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு கூறிற்று. ஆகவே வலி நீக்கும் மருந்துகளுக்கான சீட்டுகளைத் தேடுவோர் தொகை சிறிதன்று. நம் இல்லங்களிலிருந்து பணி நிமித்தம் அங்கே சென்று குடியேறிய பிள்ளைகளும், அவர்களுடன் தங்கும் முதியோரும் இவ்வழக்கத்தை நேரில் அறிவர். இந்தச் சீட்டைப் பயன்படுத்துவது குற்றமற்ற சிக்கனமா, அன்றிப் பிறர் பொருளைப் பெறுவதற்கு நாம் அளிக்கும் உடன்பாடா? இதுவே நம் கேள்வி.

சீட்டு பிறந்த காரணம்

சீட்டுகள் இருவகைப்படும். முதல் வகை, எந்த மருந்துக்கும் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சலுகை அட்டை. 2011இல் தொடங்கப்பெற்ற குட்ஆர்எக்ஸ் என்னும் நிறுவனத்தின் சீட்டு இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. இரண்டாம் வகை, மருந்தை உற்பத்தி செய்யும் நிறுவனமே தன் மருந்துக்கு மட்டும் தரும் சீட்டு. பெயர் ஒன்றாயினும் இவற்றின் இயல்பு வேறு. ஆதலின் அறத் தீர்ப்பும் வேறாதல் வேண்டும்.

முதல் வகையை முதலில் காண்போம். அமெரிக்காவில் ஒரே மாத்திரைக்கு ஒரே கடையில் பல விலைகள் உண்டு. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் இடையே நின்று விலை பேசும் இடைநிலை நிறுவனங்கள் அங்கே பெருவலிமை பெற்றுள்ளன. அவற்றுள் மிகப் பெரிய மூன்று நிறுவனங்கள் மட்டும் 2023இல் நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கையாண்டன. கடைக்காரர் ரொக்கம் தருவோர்க்கென அறிவிக்கும் விலையைவிட மிகுதியாகக் காப்பீட்டார் தருவதில்லை என்பது ஒப்பந்தங்களின் பொது விதி. ஆகவே ரொக்க விலையைத் தாழ்த்தினால் காப்பீட்டார் தரும் தொகையும் தாழும் என்று அஞ்சிக் கடைக்காரர் அதனை உயர்த்தியே வைக்கிறார். அந்த உயர்ந்த விலை எவர் தலையில் விழுகிறது? காப்பீடு இல்லாதவர் தலையில் விழுகிறது. 2023இல் அந்நாட்டில் அத்தகையோர் 2 கோடியே 60 லட்சம் பேர்.

சலுகை அட்டை இவருக்கு என்ன செய்கிறது? இடைநிலை நிறுவனம் பேசி வைத்த தாழ்ந்த விலையை இவருக்கும் திறந்துவிடுகிறது. அவ்விலையிலிருந்து கடைக்காரர் இடைநிலை நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்துகிறார். அதில் ஒரு பங்கு அட்டை நிறுவனத்திற்குச் செல்கிறது. நோயாளி பெறும் உதவி உண்மையானதே. ஆயினும் நோயை உண்டாக்கியதில் பங்குடைய கைகளே மருந்தையும் விற்பது போன்றது இது. ஒழுங்கான விலை முதலிலேயே இருந்திருப்பின் சீட்டுக்கு வேலையே இருந்திராது.

இதில் மறைந்துள்ள கொடுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சீட்டை அறிந்தவர் குறைந்த விலை தருகிறார். அறியாதவர் முழு விலை தருகிறார். கைப்பேசி கையாளத் தெரியாத முதியவரும், ஆங்கிலம் அறியாத தொழிலாளியும், வலி மிகுதியால் எதையும் தேடும் நிலையில் இல்லாதவரும் இரண்டாம் வரிசையில் நிற்கின்றனர். விலை இங்கே தேவையைப் பொறுத்ததும் அன்று, வசதியைப் பொறுத்ததும் அன்று. அறியாமையின் மேல் விதிக்கப்படும் தண்டமாகவே அது நிற்கிறது. அறிந்தவர் வாய் திறப்பதையும் ஒரு காலத்தில் ஒப்பந்தங்கள் தடுத்தன. ரொக்கமாகத் தந்தால் இம்மருந்து மலிவு என்று நோயாளியிடம் கூறக் கூடாது என மருந்துக் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்திய விதிகள் பல ஒப்பந்தங்களில் இருந்தன. 2018 அக்டோபரில் இயற்றப்பட்ட இரு சட்டங்களே அவ்வாய்ப்பூட்டை நீக்கின.

சீட்டுக்குப் பணமாக அல்லாமல் வேறு வகையிலும் நாம் விலை தரக்கூடும். எந்த மருந்தைத் தேடுகிறோம் என்ற செய்தியே விற்கத்தக்க பொருளாகிவிட்டது. குட்ஆர்எக்ஸ் நிறுவனம் பயனாளரின் உடல்நலச் செய்திகளை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்துகொண்டது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023 பிப்ரவரியில் 15 லட்சம் டாலர் தண்டத்தோடு அவ்வழக்கு முடிக்கப்பட்டது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை எனினும், இலவசம் என்று நாம் கருதுவது எப்போதும் இலவசமாக இருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

உற்பத்தியாளர் தரும் சீட்டு

இரண்டாம் வகைச் சீட்டே நம் ஆராய்ச்சியில் கடினமான பகுதி. காப்பீடு உடையவரும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சிறு பங்கைத் தம் கையிலிருந்து தர வேண்டும். விலை மிகுந்த மருந்துக்கு மிகுந்த பங்கும், மலிவான ஜெனரிக் மருந்துக்குக் குறைந்த பங்கும் வைத்திருப்பதன் நோக்கம், தக்க காரணமின்றி விலை மிகுந்ததை நாடாதிருக்கச் செய்வது. உற்பத்தியாளர் சீட்டு நோயாளியின் பங்கை மட்டும் நீக்குகிறது. எஞ்சிய பெருந்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். மருந்தின் விலை 1,500 டாலர். நோயாளியின் பங்கு 50 டாலர் என்று கொள்வோம். உற்பத்தியாளர் அந்த 50 டாலரை விட்டுக்கொடுத்து, எஞ்சிய 1,450 டாலரைப் பெறுகிறார். நோயாளிக்கு அது இலவச மருந்து. உற்பத்தியாளர்க்கோ அது இலாபம் மிகுந்த விற்பனை.

இது கற்பனைக் கணக்கெனினும் இதன் உண்மை வடிவங்கள் வலி மருந்துகளிலேயே உள்ளன. டூயக்சிஸ் என்ற மாத்திரை, வலி நீக்கும் ஐபுப்ரோஃபெனும் வயிற்றைக் காக்கும் ஃபாமோடிடினும் சேர்ந்தது. 2011இல் ஒப்புதல் பெற்றது. விமோவோ என்பது நாப்ராக்சனும் எசோமெப்ரசோலும் சேர்ந்தது. 2010இல் ஒப்புதல் பெற்றது. இந்நான்கும் பழகிய, மலிவான மருந்துகள். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின்றியே இவற்றைக் குறைந்த அளவுகளில் வாங்கலாம். தனித்தனியே வாங்கினால் சில பத்து டாலரில் முடியும் மாத மருந்து, ஒரே மாத்திரையாக இணைந்தபோது மாதத்திற்கு 1,500 டாலருக்கும் மேல் விலை பெற்றது. இரண்டையும் விற்ற ஹொரைசன் நிறுவனம் நோயாளிகளுக்குச் சலுகைச் சீட்டு வழங்கியது. நோயாளி தம் கையிலிருந்து தந்தது சிறு தொகையே. சிலர் ஒன்றுமே தரவில்லை. அதனால் விலை உயர்வின் வெப்பம் அவரைச் சுடவே இல்லை.

இச்சீட்டுகள் மருந்து தேவைப்படாதவரை மருந்து வாங்கத் தூண்டின என்று எண்ண வேண்டா. மலிவான மருந்து வாங்க வேண்டியவரை விலை மிகுந்த மருந்தின்பால் திருப்பின என்பதே உண்மை. லீமோர் டாஃப்னி முதலிய மூன்று பொருளியலறிஞர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 வரை இத்தகைய சீட்டுகளுக்குத் தடை இருந்தது. அண்டையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயரில் தடை இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஜெனரிக் கிடைக்கும் மருந்துகளில் சீட்டு, வணிகப் பெயர் மருந்தின் விற்பனையை 60 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியது தெரிந்தது. அவ்வுயர்வு முழுவதும் ஜெனரிக் மருந்தின் விற்பனையைக் குறைத்து வந்தது. கலிபோர்னியா மாநிலம் 2018 முதல், ஜெனரிக் கிடைக்கும் மருந்துக்கு உற்பத்தியாளர் சீட்டு தருவதைச் சில விலக்குகளுடன் தடை செய்திருப்பது இக்காரணம் பற்றியே.

இலவசமாய் வந்த அபினி

வலி மருந்துகளுள் அபினி வகையைத் தனியே கூற வேண்டும். பர்டியூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் என்னும் மருந்து 1996இல் சந்தைக்கு வந்தது. அதனை முதன்முறை உண்போர்க்கு 7 நாள் முதல் 30 நாள் வரை இலவசமாகத் தரும் சீட்டுத் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. 2001இல் அத்திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 34,000 சீட்டுகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. மருந்தின் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் கூறி விற்ற குற்றத்தை 2007இல் அந்நிறுவனம் சார்ந்தோர் ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தனர். 2020இல் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் மருந்தும் போதைப் பொருளும் அளவு மீறியதால் 1,06,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்விறப்புகளில் பெரும்பங்கு சட்டத்திற்குப் புறம்பான ஃபென்டானிலால் நேர்ந்தது. எனவே சீட்டு ஒன்றே இத்துயரின் காரணம் என்பது நேர்மையாகாது. எனினும் பற்றிக்கொள்ளும் இயல்புடைய பொருளை முதலில் இலவசமாய்க் கொடுப்பது ஈகையின் வேடம் பூண்ட வாணிகம் என்பதில் ஐயமில்லை. தானம் பெறுவோனை விடுவிக்கும். இது பெறுவோனைக் கட்டியது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

நம் அறநெறி வினையை மூன்று வழிகளில் காண்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். களவைப் பற்றிக் கூறும்போது தத்துவார்த்த சூத்திரம் சுவரேறிக் கொள்ளையிடுவதோடு நிற்கவில்லை. கள்வரைத் தூண்டுதல், கள்வர் கொணர்ந்ததைக் கொள்ளுதல், நாட்டு விதியை மீறிப் பொருளீட்டுதல், அளவையில் பொய் செய்தல், போலியைக் கலந்து விற்றல் என ஐந்து குற்றங்களை அவ்விரதத்தின் வழுக்களாக எண்ணுகிறது. இவ்வைந்தும் சந்தையைச் சார்ந்தவை. வாணிகத்தின் இடுக்குகளில் களவு எவ்வாறு நுழையும் என்பதை நம் ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இவ்வளவுகோலால் நோக்குவோம். பொருந்தா விலையை வைத்தவர் செய்தவர். மலிவான மருந்து ஒத்த பயன் தரும் என்று அறிந்தும், தமக்குச் செலவில்லை என்பதற்காகவே விலை மிகுந்ததைக் கேட்டு வாங்குபவர் செய்விப்பவர் ஆகிறார். ஏனெனில் அவரைப் போன்றோர் வாங்காவிடின் அவ்விலை நிலைக்காது. தமக்கு வாய்த்த இலாபத்தைக் கண்டு மகிழ்ந்து, அது எங்கிருந்து வந்தது என்று கேளாதிருப்பவர் உடன்பட்டவர் ஆகிறார். ஆயினும் வினையின் கனம் அறிவையும் கருத்தையும் பொறுத்தது. வலியில் துடிப்பவர் மருத்துவர் எழுதியதை வாங்கிக் கடைக்காரர் கொடுத்த சீட்டை நீட்டினால் அவரிடம் குற்றம் காண்பது அறமன்று. வலி தணிந்து, கேட்டறிய வாய்ப்பும் இருந்து, கேளாதிருப்பதே மறதி. பிரமாதம் என்று நூல்கள் கூறுவது அதனையே.

சில மறுப்புகள்

"காப்பீட்டு நிறுவனம் பெருஞ்செல்வம் உடையது, அதன் பணம் போனால் எனக்கென்ன?" என்று கேட்பார் உண்டு. காப்பீட்டுப் பணம் நிறுவனத்தின் பெட்டியில் இருப்பினும், அது பலர் மாதந்தோறும் செலுத்திய தொகையின் திரட்டு. இவ்வாண்டு நாம் செலவின்றிப் பெற்ற மருந்தின் விலை, வரும் ஆண்டில் அனைவரும் செலுத்தும் சந்தாவில் கலந்து வரும். கோயில் பண்டாரத்துப் பொருள் தனி ஒருவருக்கு உரியதன்று என்பதால் எவரும் எடுக்கலாம் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. பலர் சேர்த்த பொருள் என்பதாலேயே அதனைத் தொட அஞ்சுகிறோம். நோயுற்றோர்க்கெனப் பலர் சேர்த்த பொருளிடத்தும் அவ்வச்சம் வேண்டும்.

"நான் ஒருவன் மறுத்தால் விலை குறைந்துவிடுமா?" என்பது அடுத்த மறுப்பு. குறையாது, ஆனால் நாம் நோன்பு ஏற்பது உலகின் கணக்கைத் திருத்துவதற்கு மட்டும் அன்று, நம் கணக்கைத் தூய்மையாக வைத்துக்கொள்வதற்கும் ஆகும். மேலும் 60 விழுக்காடு உயர்ந்த விற்பனை என்பது தனித்தனி மனிதர் பலரின் தனித்தனி முடிவுகளால் ஆயது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது மறுப்பு, நம் சமயத்தை ஒட்டி எழக்கூடியது. "வலியைப் பொறுத்தல் தவமன்றோ? மருந்தையும் சீட்டையும் பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். துறவியர் வெல்லும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் நோயும் ஒன்று என்பது உண்மை. ஆனால் அது தாமே விரும்பி ஏற்ற விரதம். விலை கொடுக்க இயலாமையால் ஒரு கூலித் தொழிலாளி தாங்கும் வலி தவமாகாது. அது பிறர் அவர்மேல் சுமத்திய துன்பம். துறவிக்குரிய பொறுமையை ஏழை நோயாளிக்கு உபதேசிப்பவர், அத்துன்பத்துக்குத் தாமும் உடன்பட்டவர் ஆவார். நோயுற்ற முனிவர்க்கும் மருந்தளித்துப் பணி செய்வது இல்லறத்தார் கடமை என்று விதித்த நெறியில், வலி தீர்க்க வழி தேடுவது குறையாகாது.

இல்லறத்தார்க்கு உரிய நெறி

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உரிய சில முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, பொதுச் சலுகை அட்டையைத் தேவையுள்ளவர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். உயர்த்தி வைக்கப்பட்ட விலையிலிருந்து தப்புவது களவாகாது. எனினும் சிறு கடைக்காரர் அட்டைக் கட்டணத்தால் நட்டமடைவதும் உண்டு. ஆதலின், "அட்டையின்றி ரொக்கமாகத் தந்தால் என்ன விலை?" என்று முதலில் அவரையே கேட்பது நன்று. இரு தரப்பார்க்கும் தீங்கில்லாத விலை சில வேளை அங்கேயே கிடைக்கும்.

இரண்டாவது, உற்பத்தியாளர் சீட்டு கைக்கு வரும்போது, "இதற்கு ஒத்த மலிவான மருந்து உண்டா?" என்று மருத்துவரைக் கேட்டல் வேண்டும். உண்டு என்று அவர் கூறினால், நம் கையிலிருந்து பத்து டாலர் மிகுதியாகச் செலவாயினும் அம்மலிவான மருந்தையே கொள்ளுதல் தகும். அறம் நம்மிடம் கேட்கும் விலை பெரும்பாலும் இவ்வளவு சிறியதே. சிறியதாக இருப்பதாலேயே அதனைக் கொடுக்க மறந்துவிடுகிறோம். இல்லை என்று கூறினால் சீட்டைப் பெறுவதில் குற்றமில்லை. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து அபினி வகையைச் சேராதது. அறிமுகமான போது ஒரு மாத்திரையின் அறிவிக்கப்பட்ட விலை 15 டாலர் 50 சென்ட். அபினி வகையைத் தவிர்க்க வேண்டிய ஒருவர்க்கு மருத்துவர் அதனையே தக்கது என்று தேர்ந்தால், அவர் பெறும் சீட்டு எவரையும் வஞ்சிப்பதன்று.

மூன்றாவது, பொய் கலவாமை. மெடிகேர் முதலிய அரசுத் திட்டங்களில் உள்ளோர்க்கு அத்திட்டம் பணம் தரும் மருந்துக்கு உற்பத்தியாளர் சீட்டு கொடுப்பதை அமெரிக்கக் கையூட்டுத் தடைச் சட்டம் தடுக்கிறது. நலத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2014இல் இதனைத் தெளிவாக எச்சரித்தது. "நான் அரசுத் திட்டத்தில் இல்லை" என்ற கட்டத்தில் பொய்யாகக் குறியிட்டுச் சீட்டைப் பெறுவோர், வாய்மையையும் கள்ளாமையையும் ஒரே கையசைவில் இழக்கின்றனர். பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகள் இதில் விழிப்பாயிருத்தல் நலம். அத்திட்டத்தை விடுத்துப் பொதுச் சலுகை அட்டையால் வாங்குவதற்கு அத்தடை இல்லை.

நான்காவது, அபினி வகை மருந்தை விலையோ இலவசமோ தீர்மானித்தல் கூடாது. எத்தனை நாள், எந்த அளவு என்பதை மருத்துவரின் முடிவு ஒன்றே வரையறுத்தல் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று மிகுதியாக வாங்கி இல்லத்தில் வைப்பது, பொருள் வரையறை நோன்புக்கும் உயிர்க் காப்புக்கும் ஒருசேர மாறானது.

ஐந்தாவது, அறிந்ததைப் பகிர்தல். விலை அறியாமையின் மேல் விதிக்கப்படும் தண்டமாக உள்ள நாட்டில், அறிவித்தலே பெருந்தானம். அண்டை வீட்டு முதியவர்க்கு மருந்தின் விலைகளை ஒப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பவர் ஒரு காசும் செலவிடாமல் மருந்துத் தானத்தையும் கல்வித் தானத்தையும் ஒருங்கே செய்தவராகிறார்.

தனி மனிதரின் ஒழுக்கத்தால் மட்டும் ஒரு நாட்டின் மருந்து விலை நேராகிவிடும் என்று நாம் கூறவில்லை. சட்டம் செய்ய வேண்டியது மிகுதி. அடக்க விலையையும் அதன்மேல் 15 விழுக்காட்டையும் வெளிப்படையாகக் காட்டி மருந்து விற்கும் மார்க் கியூபனின் காஸ்ட் பிளஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் தொடங்கியது. சீட்டே தேவைப்படாத விலை இயலாத கனவன்று என்பதை அது காட்டியுள்ளது. எல்லார்க்கும் ஒரே விலை, எல்லார் கண்ணிலும் படும் விலை என்பதே வணிகத்தில் வாய்மை. அந்நாள் வரும் வரையில் சீட்டை நீட்டும் கை நம்முடையதாக இருப்பின், இதன் மீதி விலையை யார் கொடுக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும். நம் வலி தீர்வது நன்று. அதற்காக வேறொருவர் அறியாமல் வருந்தாதிருப்பது அதனினும் நன்று.